போர்ட்டல் வாங்கினா போதுமா, லைப்ரரி படிச்ச ஆளையும் வேலைக்கு வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

பேப்பர் இல்லாத ஆபீஸ் பத்தி நம்ம ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த கட்டுரையப் படிச்சேன். எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி போர்ட்டல்ல ஏத்திட்டா வேலை முடிஞ்சுதுங்கற மாதிரி எழுதியிருந்தாங்க. பீரோ வாங்கிட்டா துணி தானா மடிஞ்சுக்குமா சார்? நான் கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனில குவாலிட்டி டிபார்ட்மெண்ட்ல டாக்குமெண்ட் கண்ட்ரோல் பாக்குறேன், அந்தக் கட்டுரைல விட்டுப்போன பாதியை எழுதலாம்னுதான் இந்த லெட்டர்.

இப்ப முக்கால்வாசிக் கம்பெனில நடக்கறது இதுதான். மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ் வாங்கும்போது கூடவே ஷேர்பாயிண்டும் (ஆபீஸ் பைலை எல்லாம் ஒரே இடத்துல வெச்சுப் பகிர்ற போர்ட்டல்) வந்துருது, உடனே ஐடி தம்பிங்க பழைய சர்வர்ல இருந்த போல்டரை எல்லாம் அப்படியே தூக்கி அங்க வெச்சுட்டு "மைக்ரேஷன் ஓவர்"னு மெயில் போட்டுடறாங்க. கஸ்டமர் பேருல ஒரு போல்டர், உள்ள வருஷம், அதுக்குள்ள பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர், அதுக்கும் உள்ள சர்டிபிகேட்னு போய்ட்டே இருக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஃபவுண்டரில ஒரு ஹீட் (ஒரு தடவை உருக்கற உலோகம் மொத்தத்துக்கும் அந்தப் பேரு) உருக்கி ஊத்தினா அதுல வர்ற கேசிங், இம்பெல்லர்ங்கற பம்பு பாகமெல்லாம் ஒரே கஸ்டமருக்கா போகுது? மூணு ஆர்டருக்குப் பிரிஞ்சு போகும், ஆனா அந்த ஹீட்டுக்கு மெட்டீரியல் டெஸ்ட் சர்டிபிகேட் ஒண்ணே ஒண்ணுதான். அதை எந்த போல்டர்ல போடுவீங்க? மூணு காப்பி எடுத்து மூணுலயும் போடுவாங்க. அப்புறம் லேப்ல இருந்து குரோமியம் வேல்யூவ திருத்தி ரிவைஸ்டு சர்டிபிகேட் வரும், ஒரு போல்டர்ல மாத்துவாங்க, மத்த ரெண்டுல பழசு அப்படியே உக்காந்திருக்கும், ஆடிட்டுக்கு வர்ற கஸ்டமர் கரெக்டா அந்தப் பழசைத்தான் தொறப்பாரு. இதுல யாரைத் திட்டறது? ஒரு பேப்பர் ஒரு இடத்துலதான் இருக்கணும்ங்கற பழைய அலமாரிக் கணக்கை கம்ப்யூட்டருக்குள்ளயும் கொண்டு போனதோட வினை இது.

இதுக்கு வழி இல்லாம இல்லைங்க. ஷேர்பாயிண்ட்ல 2010 வெர்ஷன்லயே டேர்ம் ஸ்டோர்னு ஒண்ணு வந்துருச்சு, கம்பெனிக்குப் பொதுவா ஒரு சொல் பட்டியல வெச்சுக்கிட்டு, பைலுக்கு அதுல இருந்து எடுத்து டேக் போடற வசதி. டாக்குமெண்ட் வகை, மெட்டீரியல் கிரேடு, கஸ்டமர், ஆர்டர்னு தனித்தனியா டேக், ஹீட் நம்பருக்கு மட்டும் கையால டைப் பண்ற சாதா காலம் (column). பைல் ஒரே இடத்துல ஒரே காப்பியா இருக்கும், மூணு ஆர்டரோட டேகும் அது மேலயே இருக்கும், யாரு எந்தப் பக்கம் இருந்து தேடினாலும் அதே பைல்தான் வரும். கஸ்டமர் கம்பெனி பேரை மாத்திட்டா பட்டியல்ல ஒரு எடத்துல மாத்தினாப் போதும், ஒவ்வொரு பைலா போய் திருத்த வேண்டியதில்ல.

இது பல பேருக்குத் தெரிஞ்சதுதான், சிக்கல் அந்தப் பட்டியல யாரு எழுதறதுங்கறதுல இருக்கு. ஒரே மெட்டீரியல் டெஸ்ட் சர்டிபிகேட்டை ஸ்டோர்ஸ்ல டிசிம்பாங்க, குவாலிட்டில எம்டிசிம்பாங்க, எக்ஸ்போர்ட் செக்‌ஷன்ல ஐரோப்பிய ஸ்டாண்டர்டுல இருக்கற வகை நம்பரை வெச்சு த்ரீ பாயிண்ட் ஒன்னும்பாங்க. இதையெல்லாம் ஒரே சொல்லுக்கு மாத்துப் பேரா குடுத்து வெச்சுட்டா எதை டைப் பண்ணினாலும் அந்த ஒண்ணையே காட்டும். சரி, அதே கையோட சிஎஃப்8எம்முக்கு (வார்ப்புக்கான ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரேடு) மாத்துப் பேரா 316ன்னு போட்டுடலாமா? ஷாப் ஃப்ளோர்ல எல்லாரும் அந்த காஸ்டிங்கை 316ன்னுதான் சொல்றாங்க. ஆனா ஷாஃப்ட்டுக்கு வர்ற ராடு இருக்கே, அதுதான் நெஜமான 316. ரெண்டையும் ஒண்ணாக்கினா காஸ்டிங் சர்டிபிகேட்டும் ராடு சர்டிபிகேட்டும் கலந்துரும். த்ரீ பாயிண்ட் ஒன்னும் த்ரீ பாயிண்ட் டூவும் அப்படித்தான், பின்னதுல நம்ம கம்பெனி ஆள் கையெழுத்தோட வெளி இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் வேணும், அதுக்குத் தனி சொல்தான் போடணும். எது ஒண்ணு எது ரெண்டுன்னு முடிவு பண்றது ஐடி தம்பியோட வேலை இல்ல, அவருக்குத் தெரியவும் தெரியாது, அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது.

பட்டியல யாரு வேணா சேக்கலாம்னு தொறந்து விட்டா பழைய குப்பை திரும்ப வந்துரும், அதனால மூடி வெச்சு, புதுச் சொல் கேட்டு வந்தா ஒருத்தர் பாத்துச் சேக்கணும். அதுக்காக பன்னெண்டு டேக் காலம் (column) வெச்சு எல்லாம் கட்டாயம்னு போட்டீங்கன்னா ஜனங்க லிஸ்ட்ல மொதல்ல இருக்கறதையே அழுத்திட்டுப் போய்ட்டே இருப்பாங்க. நாலு போதும், அதுலயும் ரெண்டை போல்டர் டீஃபால்ட்டா செட் பண்ணிட்டா பைலைப் போட்ட உடனே டேக் தானா ஒட்டிக்கும். இந்த வசதி இருக்கறதே பாதி அட்மினுக்குத் தெரியல. ஏழு அடுக்கு வரைக்கும் சொல்லுக்குக் கீழ சொல் வெக்கலாம்தான், ஆனா மூணைத் தாண்டினா யாரும் எறங்கிப் பாக்க மாட்டாங்க, அனுபவத்துல சொல்றேன்.

இத்தனை சொல்றனே, இது ஒண்ணும் வெள்ளைக்காரன் நேத்து கண்டுபிடிச்ச சமாச்சாரம் இல்ல. சீர்காழியில பொறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியனா ஆனவரு, 1933லயே கோலன் வகைப்பாட்ட வெளியிட்டாரு. ஒரு புத்தகத்துக்கு ஒரே எடம்னு ஆணியடிக்காம, ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம்னு அஞ்சு கோணத்துல பிரிச்சு எழுதி அதை நடுவுல குறி போட்டுச் சேத்துக்கலாம்னு சொன்னாரு. என்னோட டெஸ்ட் சர்டிபிகேட்ட அதுல வெச்சுப் பாருங்க: எந்த பாகம், என்ன கிரேடு, என்ன டெஸ்ட், எந்த லேப், எந்த தேதி. அப்படியே உக்காருது. அவரு ஊர்க்காரங்க நாம இன்னும் "நியூ போல்டர் 2"ல தேடிட்டு இருக்கோம்.

நம்ம யுனிவர்சிட்டிகள்ல வருசா வருசம் லைப்ரரி சயின்ஸ் முடிச்சுட்டு வர்ற புள்ளைங்க வேலை இல்லாம நிக்கிறாங்க. லைப்ரரில போஸ்டிங் வந்தாத்தான் வேலைன்னு அவங்களும் நெனைக்கறாங்க, லைப்ரரி படிச்சவங்களுக்கு இங்க என்ன வேலைன்னு கம்பெனிக்காரங்களும் நெனைக்கறாங்க. அவங்க படிச்ச படிப்பே இதுதானேங்க! அப்படி ஒருத்தரக் கொண்டுவந்து ஸ்டோர்ஸ்லயும் ஃபவுண்டரிலயும் கொஞ்ச நாள் நிக்க வெச்சு, யாரு எதை என்னன்னு சொல்றாங்கன்னு எழுதிக்கச் சொன்னா பட்டியல் பாதி ரெடி. ஏஐ வந்துருச்சு, அதுவே தேடிக் குடுத்துரும்னு எங்க எம்டி மாதிரி ஆளுங்க சொல்லலாம். எது நடப்பு ரிவிஷன், எது ரத்தானதுன்னு பைல் மேல எழுதாம விட்டா அது ரத்தான டிராயிங்கையும் பளிச்சுன்னு எடுத்து நீட்டும், அதை நம்பி மெஷின்ல ஏத்தற ஜாப் ஸ்கிராப்புதான்.

சின்ன யூனிட்டுக்கு தனியா ஆள் வெக்கக் கட்டுப்படியாகாதுன்னு கேக்கலாம், நியாயம்தான். கொடிசியா, சீமா மாதிரி நம்ம ஊர் தொழில் அமைப்புங்க ஒண்ணா சேந்து பம்பு, வால்வு தொழிலுக்குன்னு பொதுவா ஒரு சொல் பட்டியல போட்டுக் குடுக்கலாம். ஹைட்ரோ டெஸ்ட் ரிப்போர்ட்டும் பெர்ஃபார்மன்ஸ் கர்வும் எல்லாக் கம்பெனிலயும் இருக்கறதுதானே, ஆளாளுக்கு முதல்ல இருந்து உக்காந்து எழுதணுமா என்ன? உங்க பேப்பர்லயே லைப்ரரி சயின்ஸ் டிபார்ட்மெண்ட்காரங்களையும் தொழில்காரங்களையும் சேத்துக் கேட்டு ஒரு கட்டுரை போட்டீங்கன்னா நல்லாருக்கும்ங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பீளமேடு, கோவை.