செவலையின் மேல் ஏறுவதற்கு முன்

கொடைக்கானல்,
மார்கழி 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். விடிகாலையில் ஏரிக்கரைப் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் உறைபனி கிடக்கிறது. குதிரைகளுக்குச் சாக்குப் போர்த்தித்தான் கட்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியில் "ஷிப்டுக்கு நேரமாச்சுப்பா" என்று வைத்துவிடுவாய், நானும் முக்கியமானதை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பேன். போகியன்று ஓசூரிலிருந்து வந்து இறங்கியதும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். பையைத் திண்ணையில் போட்டுவிட்டு நேரே லாயத்துக்குப் போய்ச் செவலையின் மேல் ஏறப் பார்ப்பாய். ஏறு. வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் இதை ஒருமுறை முழுசாகப் படித்துவிடு.

அவனை வாங்கி வந்ததிலிருந்து உன் அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்கு நான் போனது, ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் பிள்ளைகளைச் சுமக்க ஒரு சாதுவான மட்டக்குதிரை வாங்க. வாங்கி வந்தது, காயடிக்காத ஆறு வயது ஆண் குதிரை. கத்தியவார் ஜாதி. காது இரண்டும் மேலே போய் உள்பக்கமாக வளைந்து நுனியோடு நுனி தொடும், பார்த்தால் நீயும் மயங்கிவிடுவாய். கழுத்தில் சுழி சரியில்லை என்று மூன்று பேர் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள், அதனால் விலை இறங்கியது. சுழியில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. குறைந்த விலையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை, அவ்வளவுதான்.

சந்தையில் மேளம் அடித்ததும் அவன் முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடினான். கழுத்து வில்லாக வளைந்து, வாயில் நுரை தள்ளி, வால் விசிறி. கூட்டம் விசிலடித்தது, நானும் அடித்தேன். இங்கே கொண்டுவந்து, சத்தமே இல்லாத இடத்தில் சேணத்தைப் போட்டால் அப்போதும் அதே ஆட்டம். வயிற்றுவாரைக் கட்டக் கையை நீட்டினாலே ஆட்டம். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. வாயைப் பிரித்துப் பார்த்தேன். கடைவாயில் இரண்டு பக்கமும் புண், நாக்கின் ஓரத்தில் பழைய தழும்பு. முள் கடிவாளம் போட்டுப் பழக்கியிருக்கிறார்கள். 1965-லேயே விதி போட்டுத் தடுத்த சாமான் அது. இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முன்னால் லகான் இழுக்கும், பின்னால் சவுக்கு விரட்டும். நடுவில் போக வழியில்லாமல் அவன் நின்ற இடத்திலேயே குதித்ததைத்தான் நாங்கள் ஆட்டம் என்று கைதட்டியிருக்கிறோம்.

முதல் மூன்று மாசம் நான் ஏறவே இல்லை. கால்நடை மருத்துவர் வந்து கடைவாய்ப் பல்லின் கூரான ஓரங்களை அரத்தால் ராவிவிட்டார். புண் ஆறும்வரை வாயில் இரும்பே கூடாது என்றார். தாடைக்கு அடியில் விரலை வைத்து நாடி பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். சும்மா நிற்கிற குதிரைக்கு நிமிடத்துக்கு 28-லிருந்து 44 வரை துடிக்கலாமாம். புல் தின்றுகொண்டு நின்றபோது செவலைக்கு 38. அம்மாவிடம், சேணத்தை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கச் சொன்னேன். எண்ணினேன், 70. இத்தனைக்கும் சேணம் அவனைத் தொடவே இல்லை.

அந்தச் சேணமும் ஒரு குற்றவாளிதான். பிடரி முடிகிற இடத்தில் முதுகு மேடாக இருக்குமே, அங்கே இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை முடி. உடம்பு முழுக்கச் செவலை, அங்கே மட்டும் நரை. லாடம் கட்டுகிற பாய்தான் பார்த்துச் சொன்னார், சேணம் கவ்விக் கவ்வி ரத்த ஓட்டம் நின்று முளைத்த முடி அது என்று. குதிரையோடு சேர்த்து அந்தச் சேணத்தையும் அவர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். நம் பெண் குதிரை ராணியின் அகலச் சேணத்தை எடுத்து, அடியில் கம்பளியை வைத்து, நடுமுதுகில் காற்றுப் போகிற மாதிரித் தைத்து வைத்திருக்கிறேன். நீ வந்ததும் பழைய சேணம் பார்க்க அழகாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதே. அது பரணில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

தீனியையும் மாற்றினேன். வேலையில்லாத குதிரைக்குக் கொள்ளு அள்ளிப் போட்டால் அது உடம்பில் சூடாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். இப்போது புல்தான் அதிகம், கொள்ளு வேகவைத்துக் கொஞ்சம். இருட்டறையில் தனியாகக் கட்டியிருந்ததை மாற்றி, கிழட்டு மணிக்குப் பக்கத்தில் கட்டினேன். மணிக்குக் காயடித்துப் பத்து வருஷம் ஆகிறது, யாரோடும் வம்புக்குப் போகமாட்டான். செவலை இரண்டு நாள் தடுப்புப் பலகையை உதைத்தான். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்கவேண்டியது.

உனக்கு ஒன்பது வயதில் சலேத்து மாதா கோவில் பாதையில் ராணி உன்னைக் கீழே தள்ளியது ஞாபகம் இருக்கிறதா? பஸ் ஹாரன் அடித்தான், ராணி மிரண்டாள். நான் பின்னாலிருந்து "லகானை விடாதே, இழு, இழுத்துப் பிடி" என்று கத்தினேன். நீயும் என் பேச்சைக் கேட்டு இரண்டு கையாலும் இழுத்தாய். ராணி முன்காலைத் தூக்கி நின்றாள், நீ பின்னால் விழுந்தாய். பிடியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அங்கேயே, ரோட்டில் வைத்து உன்னைத் திட்டினேன். உன் உள்ளங்கையில் அந்த வார் கிழித்த தழும்பு இப்போதும் இருக்கும். பாப்பா, நீ பிடித்தது சரியாகத்தான் இருந்தது. நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு. முப்பது வருஷமாகக் குதிரையோடு கிடக்கிறேன், இதைச் செவலை வந்துதான் எனக்குக் காட்டவேண்டியிருந்தது.

மிரண்ட குதிரைக்கு ஓடத்தான் தோன்றும். இரண்டு பக்க லகான் வாரையும் சேர்த்து இழுத்தால் அடைத்துவிட்டார்கள் என்று நினைத்து மேலே எழும்பும், இல்லாவிட்டால் அந்த இழுப்பின் மேலேயே சாய்ந்து இன்னும் வேகமாக ஓடும். நம்மைவிடப் பல மடங்கு எடை, இழுபறியில் யார் ஜெயிப்பார்கள்? அதனால் ஒரு பக்க வாரை மட்டும் மெதுவாக விலாப்பக்கம் கொண்டுவா. கழுத்து வளைந்தால் பின்கால் ஒன்றின் முன்னால் ஒன்று குறுக்கே போகும், அப்புறம் உந்தித் தள்ள அதற்குப் பலம் கிடைக்காது. சின்ன வட்டமாகச் சுற்றும். காலின் வேகம் குறைந்த அந்த நொடியில் வாரை விட்டுவிடு. பிடிப்பது யாருக்கும் வரும், விடுகிற நேரம்தான் பழகவேண்டும். ஒரு மூச்சு தாமதமாக விட்டாலும் எதற்காக விட்டாய் என்று அவனுக்குப் புரியாது.

இதைத் தரையில் நின்றுதான் முதலில் பழக்கினேன். முகக்கயிறு மட்டும் போட்டு, இரண்டு காதுக்கும் நடுவில், பிடரி தொடங்குகிற இடத்தில் உள்ளங்கையை வைப்பேன். அழுத்தம் ஒரு எலுமிச்சம்பழத்தின் கனம்தான் இருக்கும். தலையை விரற்கடை தாழ்த்தினான் என்றால் கையை எடுத்துவிடுவேன். முதல் நாள் இருபது நிமிடம் ஒட்டகம் மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான். இருபத்தோராவது நிமிடம் ஒரு விரற்கடை இறங்கியது. கையை எடுத்தேன். கொஞ்சநேரம் சும்மா நின்றவன் நாக்கைச் சுழற்றி வாயை மென்றான், ஒன்றுமே தின்னாமல். அப்புறம் மூக்கால் 'புர்ர்ர்' என்று ஒரு நீள மூச்சு. நானும் அறியாமல் மூச்சை விட்டேன். அதுவரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. நான் பிடித்திருந்தால் அவன் எப்படி விடுவான்?

ஐப்பசி கடைசியில்தான் ஏறினேன். வழுவழுப்பான, நடுவில் மூட்டு வைத்த கடிவாளம். ஏறியதும் பழைய ஆட்டம் ஆரம்பித்தது. அடக்கவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை. ஒற்றை வார், சின்ன வட்டம், அப்புறம் எதிர்ப்பக்கம், மறுபடி வட்டம். நாலு காலும் தரையில் நின்ற நொடியில் இறங்கிவிட்டேன். மொத்தச் சவாரியும் இரண்டு நிமிடம். அம்மா அடுப்படி ஜன்னலில் இருந்து, "இதுக்குத்தான் கடன் வாங்கினீங்களா?" என்றாள். மூன்று வாரம் இப்படியே போனது. நின்றால் நான் இறங்குவேன் என்பது அவனுக்குப் பிடிபட்டபிறகு, இறங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போட்டேன். இப்போது வாரை முழுசாக நீட்டிவிட்டால் மூக்கு முட்டிக்குக் கீழே போகிற அளவு தலையைத் தொங்கவிட்டு, வால் ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் அசைய, பாம்பார்புரம் வரை நடப்பான். உட்காருகிற நமக்கும் முதுகு மெத்தையாக இருக்கும். தலை நிமிர்ந்து, முதுகு பலகையாகிவிட்டால் ஏதோ பார்த்துவிட்டான் என்று அர்த்தம்.

போன வாரம் அப்படித்தான் ஆனது. விடிகாலை, பைன் காட்டு வளைவு, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. செவலை சட்டென்று நின்றான். பனிக்குள் கறுப்பாக ஒரு சுவர், அப்புறம் அந்தச் சுவருக்குக் கொம்பு. காட்டுமாடு. என் இரண்டு தொடைக்கும் நடுவில் அவன் நெஞ்சு அடிப்பது சேணத்தைத் தாண்டிக் கேட்டது. இத்தனை பாடம் உனக்கு எழுதுகிறேனே, அந்த நிமிடம் என் கை தானாகவே இரண்டு வாரையும் இறுக்கிவிட்டது. அவன் பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தான், பின்னால் இருப்பது பள்ளம். ஒரு கால் ஓரத்துச் சரளையில் சறுக்கிய சத்தம் கேட்டதும்தான் எனக்கு புத்தி வந்தது. இடது கையை விட்டேன், வலது வாரைத் தொடைக்குக் கொண்டுவந்தேன். மலைப்பக்கமாகச் சுற்றினான், ஒரு சுற்று, இரண்டு, மூன்று. ஏதோ ஒரு பழைய பாட்டை வேறு முணுமுணுத்தேன், என்ன பாட்டு என்று இப்போது கேட்டால் தெரியாது. பாடினால் மூச்சு நிற்காது, அதற்காகத்தான். நாலாவது சுற்றில் நின்று, மாட்டை நேராகப் பார்த்து, மூக்கால் ஊதினான். மாடு எங்களைச் சட்டைகூடப் பண்ணாமல் ஏதோ பங்களாவின் வேலியைத் தாண்டிப் போய் முட்டைக்கோஸ் தின்ன ஆரம்பித்தது. நான் இறங்கி அரைமணிநேரம் நடத்தியேதான் கூட்டிவந்தேன். அவனுக்காக என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். என் முழங்கால்தான் நடுங்கிக்கொண்டிருந்தது.

இன்னும் சரியாகாத சங்கதிகள் இருக்கின்றன. ராணி பருவத்துக்கு வந்த நாளில் அவனுக்கு நாம் கண்ணிலேயே பட மாட்டோம். மேலுதட்டை மடக்கிக்கொண்டு, சிரிக்கிற மாதிரி வானத்தைப் பார்ப்பான். அன்றைக்குச் சேணத்தைத் தொடாதே. கையால் கேரட் ஊட்டாதே, ஆண் குதிரைக்குக் கடித்துப் பார்க்கிற குணம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், வாளியில் போடு. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அவனுக்குக் கண் தெரியாது. பக்கவாட்டில் போய்ப் பேசிக்கொண்டே தொடு. குளிருக்கு முதுகு விறைத்திருக்கும், அதனால் வயிற்றுவாரை முதலில் தொளதொளவென்று கட்டி, கொஞ்ச தூரம் நடத்தி, ஒரு ஓட்டை ஏற்று. இன்னும் கொஞ்சம் நடத்தி அடுத்த ஓட்டை.

அப்புறம் மேளம். பொங்கலுக்குத் தெருவில் மேளம் வரும். கேட்டதும் ஆடத் தொடங்கிவிடுவான், இதை இன்னும் என்னால் மாற்ற முடியவில்லை. போன மாசம் ஒரு கல்யாண ஊர்வலம் கீழ்ரோட்டில் போனபோது லாயத்துக்குள் தனியாக, இருட்டில், ஆளே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் வேர்வை. மணிதான் பக்கத்தில் தின்றுகொண்டு நின்றான். அதனால் பொங்கலன்றும் மாட்டுப்பொங்கலன்றும் ஏறவேண்டாம். போகி சாயங்காலம் ஏறு, இல்லாவிட்டால் காணும் பொங்கல் கழிந்து காலையில். முதல் நாள் நான் பக்கத்தில் மணியின் மேல் வருகிறேன். கத்தமாட்டேன்.

வரும்போது முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வா. உன் பழையதை எலி கடித்துவிட்டது. அம்மாவுக்கு ஒரு நல்ல சால்வையும் வாங்கி வா. நான் காசு கொடுத்தேன் என்று சொல்லிக் கொடு, இங்கே வந்ததும் தருகிறேன்.

இப்படிக்கு,
அப்பா