அந்த ஸ்நார்க்கெலை எடுத்துவிடு என்றுதான் சொல்வேன்

கயல் கண்ணு,

நீ அனுப்பிய போட்டோக்களைக் கடையில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். "வண்டி சுத்தமாத்தான் இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு கிளட்ச் பிளேட் டெலிவரிக்குக் கிளம்பிவிட்டார். 2021 மாடல் மஹிந்திரா தார், 2.2 டீசல், ஃபோர் வீல் டிரைவ். நல்ல வண்டிதான், உன் காசில் வாங்கியது வேறு, எனக்கு ஒரு குறையும் இல்லை. பழைய ஓனர் மாட்டிய அந்த ஸ்நார்க்கெலை, அதாவது வெளியே நிற்கிற அந்தக் காற்றுக் குழாயை, வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்று கேட்டாயே, அதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

எடுத்துவிடு. இதுதான் என் பதில். காரணத்தையும் படித்துவிட்டு அப்புறம் உன் இஷ்டப்படி செய்.

ஸ்நார்க்கெல் செய்கிற வேலை ஒன்றுதான். பானெட்டுக்குள்ளே இருக்கிற, இன்ஜின் காற்று இழுக்கும் வாயை வெளியே எடுத்துக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகிறது. அது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் தண்ணீரை அமுக்க முடியாது, வில்லங்கமே அதில்தான். உன் இன்ஜின் 2184 சிசி, நாலு சிலிண்டர், ஆக ஒன்றுக்கு 546 சிசி. காற்றைப் பதினாறில் ஒரு பங்காக அமுக்குகிறது என்று வைத்துக்கொண்டால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேலே மிஞ்சுகிற இடம் 36 மில்லி சொச்சம். இருமல் மருந்து பாட்டில் மூடியில் மூன்று நாலு மூடி, அவ்வளவுதான். அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போயிருந்தால் பிஸ்டன் மேலே வர வழியே இல்லை, பிஸ்டனைத் தாங்குகிற கான்ராடு என்கிற தண்டு வளைந்துவிடும், சில வண்டியில் அது முறிந்து பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும். அப்படி வளைந்த ராடைக் கையில் வாங்கிப் பார்த்தவளுக்கு ஸ்நார்க்கெல் மேல் மரியாதை இல்லாமல் போகாது. ஆனால் அது உண்மையிலேயே வேலை செய்கிற ஸ்நார்க்கெலாக இருக்க வேண்டும்.

உன்னுடையது வேலை செய்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடு, எடுப்பதோ வைப்பதோ அதற்கப்புறம். நிறையப் பேர் மாட்டுவது தோற்றத்துக்காகத்தான், வெளியே குழாய் கம்பீரமாக நிற்கும், உள்ளே ஏர் ஃபில்டர் இருக்கிற பெட்டியான ஏர் பாக்ஸோடு சேர்கிற இடத்தில் ஹோஸ் சும்மா செருகியிருக்கும், கிளாம்ப் இருக்காது. அப்படி இருந்தால் தண்ணீர் அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகும், மேலே வாய் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. உங்கள் தெரு மெக்கானிக்கை வைத்து ஒரு சோதனை செய். இன்ஜினை ஐடிலில் விட்டுவிட்டு, ஸ்நார்க்கெலின் தலையைக் கழற்றி, அந்த வாயைத் தடிமனான ரப்பர் ஷீட்டால் முழுக்க மூடச் சொல். குழாய் முழுக்க இறுக்கமாக இருந்தால் காற்றில்லாமல் இன்ஜின் திணறி நின்றுவிடும். மூடிய பிறகும் கவலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் வேறு எங்கிருந்தோ காற்று இழுக்கிறது என்று அர்த்தம், காற்று போகிற வழியில் தண்ணீரும் போகும். கையை மட்டும் வைக்காதே. அப்படியே ஏர் ஃபில்டரையும் கழற்றி, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போவுக்குப் போகிற பக்கம், விரலால் தடவிப் பார்க்கச் சொல். அங்கே புழுதி இருந்தால் உன் டர்போ இதுவரை மண் தின்றுகொண்டிருந்தது, அது தனிக் கதை. ஏர் பாக்ஸ் அடியில் தண்ணீர் வடிய ரப்பர் வால்வோ ஓட்டையோ இருந்தால் அதையும் பார்க்கணும், ஸ்நார்க்கெல் மாட்டுகிறவர்கள் அதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

எல்லாம் இறுக்கமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்பவும் எடுக்கச் சொல்கிறேன்.

தாருக்குக் கம்பெனி சொல்கிற தண்ணீர் ஆழம் 650 மில்லிமீட்டர், இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். ஸ்நார்க்கெல் மாட்டினால் அது ஐந்தடி ஆகிவிடாது. ஃபோர்ஸ் கூர்க்காவைப் பார், கம்பெனியிலிருந்து வரும்போதே ஸ்நார்க்கெலோடு வருகிற வண்டி, அதற்கே அவர்கள் சொல்வது 700 மில்லிமீட்டர்தான். குழாயின் வாய் கூரை பக்கத்தில் இருக்கும்போது ஏன் 700-ல் நிறுத்துகிறார்கள்? இன்ஜின் மூச்சு மட்டும்தான் மேலே போயிருக்கிறது, மிச்சமெல்லாம் கீழேயே இருக்கிறது. ஆல்டர்நேட்டர், வயரிங் சாக்கெட், கியர் பாக்ஸ், முன்னாடி பின்னாடி சக்கரங்களுக்கு நடுவே ஆயிலோடு இருக்கிற இரண்டு கியர் உருண்டை, அதுதான் டிஃப்ரென்ஷியல். சூடாக இருக்கிற டிஃப்ரென்ஷியல் பச்சைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அது மூச்சு விடுகிற சின்ன ஓட்டையான பிரீதர் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறிவிடும். அதற்கு மேல், தண்ணீருக்கு ஓட்டம் இருந்தால் இரண்டடியிலேயே பெரிய வண்டியைக்கூடத் தூக்கிக்கொண்டு போய்விடும். மிதக்க ஆரம்பித்த வண்டிக்கு ஃபோர் வீல் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இப்போது மடிப்பாக்கத்துக்கு வா. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் பகுதியும் பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் இருந்த இருப்பை டிவியில் பார்த்துவிட்டு நானும் அப்பாவும் தூங்கவே இல்லை. அந்தத் தண்ணீருக்கு அடியில் மேன்ஹோல் திறந்திருக்கிறதா, ரோடு வெட்டிப் போட்டிருக்கிறார்களா என்று யாருக்குத் தெரியும்? ஸ்நார்க்கெல் இருந்தால் நீ கிளம்புவாய். உன்னை எனக்குத் தெரியாதா சாமி, பக்கத்து ஃப்ளாட் பாட்டிக்கு மருந்து வாங்கணும் என்று ஒரு காரணம் கிடைத்துவிடும். அந்தக் குழாய் இல்லை என்றால் கொஞ்சம் யோசிப்பாய். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, என்னைக் கேட்டால் அவர்கள் புத்திசாலிகள்.

ஸ்நார்க்கெலின் உண்மையான லாபம் புழுதியில்தான், இதை ஒத்துக்கொள்கிறேன். குஜராத்தில் கட்ச் ரண்ணிலோ ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கமோ நாலைந்து வண்டி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது முன்வண்டி கிளப்புகிற மண் தாழ்வாகத்தான் அடர்த்தி, மேலே காற்று கொஞ்சம் சுத்தம், ஏர் ஃபில்டர் கூடுதல் நாள் தாங்கும். பழைய ஓனர் ராஜஸ்தான் போய் வந்தார் என்றாயே, அவருக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். நீ போகப்போவது ஓஎம்ஆர், ஏலகிரி, தீபாவளிக்குப் பொள்ளாச்சி. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு அந்தக் கல்லுப் பாதையில் தினமும் ஏறி இறங்குகிற ஜீப்புகளை நாம் எல்லாரும் போனபோது பார்த்தோமே, ஒன்றிலாவது ஸ்நார்க்கெல் இருந்ததா? எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்சியில் இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே என்று போட்டிருக்கிறார்கள். ஒரு குழாய்க்காக யாரும் உன்னை உள்ளே தள்ளப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். நான் பயப்படுவது இன்ஷூரன்ஸுக்கு. கூர்க்காவில் இருப்பது கம்பெனி மாட்டியது, அதை யாரும் கேட்க முடியாது. உன்னுடையது வெளியில் மாட்டியது, பாலிசியில் சொல்லவும் இல்லை. நாளைக்கே வேறு ஏதாவது இடித்துக் கிளெய்ம் போட்டாலும் சர்வேயருக்கு, குழாய்க்காக ஃபெண்டரில், அதாவது முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகட்டில், போட்ட ஓட்டையைக் காட்டி இழுத்தடிக்க ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

எடுக்கிற செலவை அப்பாவிடம் கேட்டேன், "குழாயைக் கழட்டறது அரை மணி வேலை, ஓட்டைதான் செலவு" என்றார். ஃபெண்டரில் வட்டமாக வெட்டியிருக்கிறார்கள். அதற்கு மூடி மாதிரி ஒரு தகடு வைத்து ரிவெட் அடித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம், சென்னை உப்புக் காற்றில் அந்த வெட்டின ஓரம்தான் முதலில் துருப்பிடிக்கும். புது ஃபெண்டர் வாங்கி மாட்டி பெயின்ட் அடிப்பதுதான் சரி. கறுப்பு வண்டி என்பதால் கலர் சேருவது பெரிய தொல்லை இல்லை. குழாயைச் சும்மா அலங்காரத்துக்கு விட்டுவிட்டு உள்ளே பழைய பைப்பை மாட்டுகிற யோசனையும் சிலர் தருவார்கள், அதில் சட்டத் தொல்லையும் மிச்சம் இருக்கும், உபயோகமும் இருக்காது.

இதோடு இன்னும் இரண்டு காரியம் செய். பாலிசி புதுப்பிக்கும்போது இன்ஜின் புரொடெக்ட் என்கிற கூடுதல் கவரைச் சேர்த்துக்கொள். அது இல்லாமல் வெள்ளத்தில் இன்ஜின் போனால், தண்ணீரில் நின்ற வண்டியை நீ ஸ்டார்ட் பண்ணியதால்தான் போயிற்று என்று கையை விரித்துவிடுவார்கள். இன்னொன்று, டிஃப்ரென்ஷியல் பிரீதர் ஹோஸை இன்ஜின் ரூம் மேல்வரைக்கும் நீட்டி விடு, செலவு கொஞ்சம்தான், வெளியே தெரியவும் தெரியாது. அப்புறம் வண்டி எப்போதாவது தண்ணீரில் நின்று ஆஃப் ஆகிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது, ஒரே ஒரு தடவைகூட. டோ பண்ணிக்கொண்டு போய், சிலிண்டரைச் சூடாக்குகிற க்ளோ பிளக்கைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்.

முதல் வேலையாகப் பழைய ஓனருக்கு ஒரு போன் போடு. கம்பெனி மாட்டியிருந்த அந்த ஒரிஜினல் இன்டேக் பைப்பை அவர் பரணில் எங்காவது போட்டு வைத்திருப்பார். இல்லை என்றால் சேஸிஸ் நம்பரை எனக்கு வாட்ஸ்அப் பண்ணு, கோயம்புத்தூரில் சொல்லி வரவழைக்கிறேன். ஃபெண்டரையும் சேர்த்தே ஆர்டர் போட்டுவிட்டால் வெள்ளிக்கிழமை பார்சலில் ஏற்றிவிடலாம்.

அம்மா