காரையின் கற்களைக் கையோடு எடுத்துவர வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரம்பலூர் மாவட்டம் காரையின் செம்மண் அரிப்பள்ளங்களைப் பார்க்க விடுமுறை நாட்களில் கூட்டம் சேர்கிறது. வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போவதுதான் வருத்தமாக இருக்கிறது. அங்கே என்ன பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம், ஏன் எடுக்கக் கூடாது என்று சொல்லவே இந்தக் கடிதம்.

காரை ஒரு பழங்கடலின் அடிச்சேறு. கோண்டுவானா என்ற பழம்பெருங்கண்டம் பிளந்து காவிரிப் படுகை தாழ்ந்தபோது உள்ளே புகுந்த கடலில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த களிமண். இந்தப் பகுதியை அளந்து ஆராய்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-இல் வெளியான தம் அறிக்கையில் ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் இன்றும் உலகெங்கும் நிலவியல் நூல்களில் புழங்குகின்றன. அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்திருப்பதால், ஊட்டத்தூரில் தொடங்கிக் கிழக்கே போகப் போக வயது குறைந்துகொண்டே வரும். காரையிலிருந்து குளக்காநத்தம் வரை நடந்தாலே இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும். கருடமங்கலத்தில் சிப்பிகள் நெருக்கமாகப் பதிந்த சுண்ணாம்புக்கல், கல்லங்குறிச்சியில் உள்ளங்கை அளவு கடற்சிப்பிகள், கல்லமேட்டில் ஆற்று மணலும் டைனோசர் எலும்புகளும் என்று ஒரே நாளில் பல கோடி ஆண்டுகளைக் கடந்துவிடலாம்.

காரையில் கால் வைத்ததும் மண்ணில் பளபளப்பது கண்ணாடியோ மைக்காவோ அல்ல, ஜிப்சம். நகத்தால் கீறிப் பாருங்கள், கோடு விழும். அதையே சுண்ணாம்புக்கல்லின் தாதுவான கால்சைட்டில் செய்தால் நகம்தான் தேயும். சந்தேகம் தீராவிட்டால் சிறிது பொடியாக்கி எலுமிச்சைச் சாறு விடலாம். கால்சைட் மெல்ல நுரைக்கும், ஜிப்சம் சும்மா இருக்கும். இந்த ஜிப்சக் கோடுகள் களிமண் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிப் போவதைக் கவனியுங்கள். வெட்டுவது எப்போதும் வெட்டுப்படுவதைவிட இளையது. களிமண் படிந்து, வெடிப்பு விட்ட பிறகே ஜிப்சம் அதில் புகுந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

துப்பாக்கிக் குண்டு போல் ஒரு முனை கூர்ந்த கல் கிடைத்தால் அது பெலம்னைட். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது கணவாய் மீனின் உள்ளோடு. பெலம்னைட்டும் அந்த இனத்து உறவுப் பிராணியின் உள்ளோடுதான். உடைந்த முனையில் நடுவிலிருந்து சுற்றிலும் ஊசி ஊசியாகக் கோடுகள் ஓடும். அம்மோனைட் என்பது அழிந்துபோன ஒரு கடல் உயிரியின் சுருள் ஓடு, உள்ளே அறை அறையாகப் பிரிந்திருக்கும். அதில் மேலோடு உதிர்ந்த இடத்தில் இலை விளிம்பு போல் நெளிந்த கோடுகள் தெரிந்தால் அவை அறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட தடங்கள்.

உருண்டைக் கல்லைப் பார்த்ததும் டைனோசர் முட்டை என்று படம் பரப்ப வேண்டாம். சேற்றில் புதைந்த சிப்பியையோ எலும்புத் துண்டையோ சுற்றித் தாது படிந்து இப்படி உருண்டைகள் வளரும். முட்டையிட்டவை கரையில் வாழ்ந்தவை. கடலடிச் சேற்றில் முட்டையைத் தேடுவது பெரும்பாலும் வீண்.

சுத்தியல் தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். காலை எட்டு மணிக்குள் போனால் சாய்ந்த வெயிலில் சிறு மேடும் கோடும் துலங்கும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். அந்தக் களிமண் நீரை உறிஞ்சி உப்பும், செருப்பில் கிலோ கணக்கில் அப்பும், சரிவில் கால் நிற்காது. காய்ந்த பிறகும் மேலே பொரி போல் உதிர்ந்த மண் வழுக்கும். ஓடை விளிம்பில் நிற்க வேண்டாம், அடியில் அரித்துப் போயிருக்கும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி நுழையவே கூடாது.

எடுக்கக் கூடாது என்பதற்கு வருவோம். ஒரு அம்மோனைட்டின் மதிப்பில் பெரும்பங்கு அது இருந்த அடுக்கில் இருக்கிறது. எந்த அடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதை வைத்தே அந்த அடுக்கின் வயதைக் கணிக்கிறார்கள். வீட்டு அலமாரிக்கு வந்த மறுநாளே அது பேர் தெரியாத ஒரு கல். சரிவில் உருண்டு கிடப்பதைக்கூட எடுக்கக் கூடாது. மேலே எந்த அடுக்கிலிருந்து உதிர்ந்தது என்று தேடிப் போக அதுதான் துப்பு. பதிலாக, பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், அளவுகோலாக உதவும். பத்தடி பின்னே நின்று அடுக்கு முழுவதும் தெரிய இன்னொரு படம். கைபேசியில் இடக்குறிப்பையும் சேமித்துக்கொள்ளுங்கள். நெருங்கி நின்று பார்க்க ஆசைப்படுவோருக்கு அரியலூர் அருகே வாரணவாசி அருங்காட்சியகம் இருக்கிறது.

சாத்தனூரில் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்து சொன்ன 18 மீட்டர் கல்மரத்துக்கு வேலி இருக்கிறது, தேசிய நிலவியல் சின்னம் என்ற பெயரும் இருக்கிறது. அந்த ஊசியிலை மரம் மிதந்து வந்து அமிழ்ந்த கடலின் சேற்றைத்தான் சற்றுத் தள்ளிக் காரையில் பார்க்கிறோம். காரையின் அந்தச் சேற்றின் மேல் இருசக்கர வாகனங்கள் ஏறி இறங்குகின்றன, சக்கரத் தடம் அடுத்த மழையில் புது ஓடையாகிறது. மாவட்ட நிர்வாகம் வாகனங்களைச் சாலையிலேயே நிறுத்த வைத்து, நடைபாதை ஒன்றைக் கல் நட்டுக் குறித்து, அடுக்குகளின் வரிசையைத் தமிழில் விளக்கும் பலகைகள் நான்கைந்து வைக்க வேண்டும். பெரும் பணம் தேவைப்படாத இந்த வேலையை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் முடிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நிலவியல் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி