சொற்பரிந்துரை நிரலில் மிகையானவற்றை நீக்குக

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்யும்போது பரிந்துரைப் பட்டியலில் ஒரே சொல் இருமுறை தோன்றுவதற்கு எழுத்துகளுக்குக் கணினி எண்களை வகுக்கும் தரமான ஒருங்குறியின் (யூனிகோடு) அமைப்பே ஒரு காரணமாகலாம். ‘கொ’ என்பதை ககரத்துடன் ஒகரக் குறியை மட்டும் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வெவ்வேறு எண் வரிசைகள். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைதான்.

இதைச் சரிசெய்ய அகராதியை ஏற்றும் இடத்தில் ஒன்று, பயனர் சொற்களைச் சேமிக்கும் இடத்தில் ஒன்று, பட்டியலைக் காட்டும் இடத்தில் மற்றொன்று என ஒரே வேலைக்குப் பல வடிகட்டிகளை எழுதிவைத்தால், ஒன்றில் செய்த திருத்தம் மற்றவற்றில் விடுபட்டு, பழைய பிழை வேறொரு வழியாகத் திரும்பும். மிகையான வடிகட்டிகளை நீக்க, வேகம் கூடும் என்பதைவிட இதுவே எனக்கு முதன்மையான காரணமாகப் படுகிறது. உள்ளீடு வந்தவுடன் ஒரே எழுத்தின் வெவ்வேறு எண் வரிசைகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவர ஒருங்குறி வகுத்துள்ள இயல்பாக்க முறையை ஒருமுறை செயற்படுத்தி, சேமிப்பில் உள்ள பழைய சொற்களையும் ஒரே தடவை மாற்றிவிட்டால், பின்னால் வரும் வடிகட்டிகளை அகற்றிவிடலாம்.

ஆயினும் கண்மூடித்தனமாக வெட்டுவது தவறு. ஸகரத்தாலும், 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தாலும் எழுதப்படும் ‘ஸ்ரீ’யை இயல்பாக்கம் ஒன்றாக்காது என்பதால், அதற்கான தனி நிரலை மட்டும் உருவாக்குநர்கள் விட்டுவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை