சிவப்பு ஆயில்

ரங்கூன்

அன்புள்ள முத்து,

தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலையா? மணிப்பூர் மோரேயில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? இங்கே எல்லோரும் சுகம். பதில் போடுவதில் நீ மகா சோம்பேறி என்று தெரியும். ஆனாலும் இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

எதிர்வீட்டுத் தம்பி பழைய டொயோட்டா புரோபாக்ஸ் ஒன்று வாங்கினான், ஆட்டோ கியர். போனில் வீடியோ பார்த்துத் தானே ஆயில் மாற்றினான். புது ஆயிலை ஊற்றிக் கிளப்பியதும் தெருவெல்லாம் நீலப் புகை. கியர் போட்டால் வண்டி நகரவே இல்லை. ஒரு பட்டறையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, எஞ்சினையே மாற்றணும் என்றானாம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிக்கூடப் பார்க்கவில்லை! தம்பியின் அம்மா அழுதுகொண்டு நம் வீட்டுக்கு வந்தாள்.

இறக்கிய ஆயில் எங்கே என்று தம்பியிடம் கேட்டேன். சட்டியைக் காட்டினான். செக்கச் செவேல் என்று இருந்தது. ஆட்டோ கியர் ஆயில்தானே சிவப்பு, உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எஞ்சின் ஆயிலை இறக்கும் சம்ப் போல்ட் என்று நினைத்து கியர்பாக்ஸ் போல்ட்டைக் கழற்றியிருக்கிறான். கியர்பாக்ஸில் ஆயில் இல்லை, எஞ்சினில் பழசும் புதுசுமாக இரண்டு பங்கு. எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதை நுரையாக அடித்திருக்கிறது; மிஞ்சின ஆயில் எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் குழாய் வழியாக ஏறி எரிந்ததுதான் அந்தப் புகை. நுரைக்குப் பிரஷர் நிற்காதே, இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். நல்ல வேளை, பயந்துபோய் உடனே நிறுத்திவிட்டான். இரண்டையும் சரியான அளவுக்குக் கொண்டுவந்தோம். இப்போது வண்டி ஓடுகிறது.

அன்று ராத்திரி முழுக்க மேஸ்திரி ஞாபகம்தான். ஹினோ லாரிக்கு அடியில் படுக்க வைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பேர் சொல்லச் சொல்வாரே! சொன்னால்தான் ஸ்பேனர் கைக்கு வரும். இறக்கின ஆயிலை விரலில் தேய்த்து மோந்து பார்க்கணும். கருகல் வாடையா, தண்ணீர் கலந்திருக்கிறதா, இரும்புப் பொடி நெருடுகிறதா, அதைச் சொல்லும்வரை புது டின்னைத் திறக்க விடமாட்டார். ஸ்பேர் கிடைக்காத காலம், அட்டையில் கேஸ்கெட் வெட்டினோம். 1970இல் ரோட்டில் வலது பக்கம் போகச் சொன்ன பிறகு, பஸ் கதவை மறுபக்கம் மாற்றிய கதையை நீ இன்னும் பேரனுக்குச் சொல்லிக்கொண்டுதானே இருப்பாய்?

தம்பிமேல் எனக்குக் கோபமே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவனுக்கு ஒருத்தரும் இல்லை, முத்து. இப்போது பட்டறைகளில் பையன்களைச் சேர்த்துக் கற்றுக்கொடுப்பதே அருகிவிட்டது. அதுதான் என்னை அரிக்கிறது. நமக்குப் பிறகு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது?

அவனை ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொல்லியிருக்கிறேன். பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் அந்த நீல மாஸ்டா நாலுசக்கரக் குட்டி வண்டி அப்படியே கிடக்கிறது. அதை ஓட வைக்கணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி, வால்வு இடைவெளி எல்லாம் உன் நோட்டில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்தாவது அனுப்பு. இதற்காவது சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
சாமி