பூனைக்குட்டிகளைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு நன்றி

ரங்கூன் காளியம்மன் கோவில் வட்டாரத்து அன்பர்களுக்கு வணக்கம்.

தாயை இழந்து எங்கள் மாடிப்படிக்கு அடியில் கிடந்த மூன்று பூனைக்குட்டிகளும் பிழைத்துவிட்டன. நன்றாகத் தின்று, நன்றாக ஓடுகின்றன. அதற்குக் காரணமானவர்களுக்கு எல்லோரும் அறிய நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி மருத்துவர் சயாமாவுக்கு. குட்டிகள் ஈர்க்குச்சியாக மெலிந்து, வயிறு மட்டும் உப்பி, ஓயாமல் கழிந்துகொண்டிருந்தன. வயிற்றைப் பார்த்தாலே புழு என்று தெரியும்தான். ஆனாலும் அவர், "மலத்தைப் பார்க்காமல் மருந்து எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். நுண்ணோக்கியில் வட்டப்புழு முட்டைகளோடு காக்சிடியாவும் தெரிந்தது. காக்சிடியா புழு அல்ல, ஓரணு உயிரி. புழுவுக்குக் கொடுக்கும் பைரன்டெல் அதை ஒன்றும் செய்யாது, அதற்கு வேறு மருந்து. அந்தப் பிடிவாதம்தான் குட்டிகளைக் காப்பாற்றியது என்பேன். வட்டப்புழு தாய்ப்பால் வழியாகவும் தொற்றும் என்பதால், எந்தக் குட்டிக்கும் இரண்டு வார வயதிலேயே புழு மருந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்க வேண்டுமாம். மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் வெளியேற்றும், உடம்பில் வேறு இடத்தில் இருக்கும் இளம் புழுக்கள் அப்புறம்தான் அங்கே வந்து சேரும் என்று பொறுமையாக விளக்கினார்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. அதற்குக் கைகொடுத்தவர் மளிகைக்கடை அண்ணன். அவருடைய தராசு பர்மிய வீசைக் கணக்கு. 100 டிக்கல் ஒரு வீசை, ஒரு டிக்கல் 16 கிராமுக்குச் சற்றுக் கூட. பெரிய குட்டி 25 டிக்கல், சின்னது 20 என்று நிறுத்து, கிராமாக மாற்றிச் சீட்டில் எழுதித் தருவார். வாடிக்கையாளர்கள் காத்திருந்தாலும் முகம் சுளித்ததில்லை. எடை ஏறுகிறதா என்று நாளும் பார்க்க முடிந்தது அவரால்தான்.

மேல்வீட்டு அக்காவின் உதவிக்கு என்ன சொல்வது! மாட்டுப்பாலும் டீக்கடை டின்பாலும் குட்டிகளுக்குக் கழிச்சலைக் கூட்டும் என்று, பாங்காக்கிலிருந்து வந்த உறவினர் மூலம் பூனைக்குட்டிப் பால்மா வரவழைத்துத் தந்தார். உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது, முதலில் சூடேற்ற வேண்டும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். கரண்ட் போன இரவுகளில் போத்தலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிக் கொண்டுவருவார். குட்டியை மல்லாத்தாமல், குப்புற வைத்தே புகட்டுவார். இல்லையென்றால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

கீழ்வீட்டு பர்மியப் பாட்டிக்கும் நன்றி. காக்சிடியா சாதாரணக் கிருமிநாசினிக்கு அசையாது என்று கேட்டதும், குட்டிகள் மலம் கழிக்கும் மணல் தட்டைக் கழுவத் தினமும் கொதிநீர் வைத்துக் கொடுத்தார்.

குட்டிகளில் ஒன்று பாட்டியிடமே போகிறது. அடுத்த தவணை மருந்துச் சீட்டையும் அவரிடம் தந்துவிட்டேன். பால்மா அரை டப்பா மீதமிருக்கிறது. தாயில்லாக் குட்டி வைத்திருப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.