அண்ணே என்று கூப்பிடுகிறார்கள்

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். சித்திரையில் நீங்கள் போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதைத் திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் என் உத்தியோகத்தின் பெயரைக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்டோர் பொறுப்பு என்று முன்பு சொல்லியிருந்தேன். பொறுப்புத்தான், சாவி முதலாளியிடம், மூட்டை என்னிடம். எட்டாம் வகுப்பில் 'குற்றேவல்' என்பதைக் குற்றம், ஏவல் என்று பிரித்து உங்களிடம் குட்டு வாங்கினேனே, அது குறுமையும் ஏவலும் என்பது இனி மறக்காது. எடுபிடி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சம்பந்தம் பேசும் இடத்தில் அந்தச் சொல் எடுபடாது. கையாள் என்றால் அதைவிட மோசம், ஏதோ ரவுடியிடம் இருக்கிறேன் என்று நினைப்பார்கள்.

பக்கத்து அறையில் ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார். அப்பெக் என்று கூப்பிடுவோம். காலையில் குருவிக் கூண்டைக் கோயில் விளக்கு மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்குவார். முதல் நாளே என்னைத் 'தம்பி' என்றார். மனம் குளிர்ந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, வெள்ளைக்காரன் காலந்தொட்டு இங்கே ஆபீசில் கட்டுத் தூக்கும் நம்மவர்களுக்குத் தம்பி என்றே பெயராம். உறவின் பெயர் அல்ல, வேலையின் பெயர். அப்பெக் கப்பல் ஆபீசில் கிராணி, நம் ஊர் குமாஸ்தா. கிராணிக்கு மேசை, தம்பிக்கு ஸ்டூல்.

நம் ஊரில் கூலி என்றால் கைக்கு வரும் காசு. கடல் தாண்டியதும் அது ஆளின் பெயராகிவிட்டது. காசு எங்கே போனது என்று கங்காணியைத்தான் கேட்க வேண்டும். கங்காணி ஆள் பிடிப்பது 1938-இல் நின்றுவிட்டது என்று பாடம் நடத்துவீர்கள். இப்போது அவருக்கு ஏஜெண்டு என்று பெயர், அவ்வளவுதான். அந்தக் கணக்கு எனக்கும் அவருக்கும். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

மலாயில் 'நான்' என்பதற்கு 'சாயா' என்கிறார்கள். டீ கேட்கிறார்களாக்கும் என்று இரண்டு நாள் கிளாசோடு ஓடினேன். அது நம் சகாயம்தானாம், ஒரு காலத்தில் ஏவலாளைக் குறித்ததாம். வைணவர் 'அடியேன்' என்பது போல, முதலாளியும் இங்கே தன்னை வேலைக்காரன் என்றே சொல்லிக்கொள்கிறார்! இன்னொன்று: மலாயில் ஆயா என்றால் அப்பா. உங்களை அப்படிக் கூப்பிட்டால் அம்மா சிரிப்பார்.

அம்மாவிடம் சொல்லுங்கள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இங்கே நாசி கண்டார் என்று சோறு. கோழி, மீன், கணவாய் என்று எல்லாக் குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகிறார்கள். வெள்ளமாக ஊற்றச் சொல்வதற்குப் 'பஞ்சிர்' என்று பெயர். நம் முஸ்லிம்கள் இரு முனையிலும் பானை கட்டித் தோளில் சுமந்து விற்ற தடிதான் கண்டார். சுமந்தவனை விட்டுவிட்டுத் தடிக்குப் பேர் வைத்திருக்கிறார்கள்.

கடையில் சீனர், மலாய்க்காரர் எல்லாருமே பரிமாறுகிறவனை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு நாளில் இருநூறு முறையாவது கேட்கிறேன். போன ஞாயிறு தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு போகையில் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், நம் செல்வி இழுப்பதுபோல 'ணே'யை இழுத்து. திரும்பிவிட்டேன். மூன்றாம் மேசை. ஒரு ரொட்டி, ஒரு தேநீர், பார்சல். தட்டு ஒன்று உடைந்தது, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்; பெரிய தொகை இல்லை.

செல்வி கல்யாணத்துக்கு முகூர்த்தம் தை தாண்டி வையுங்கள், அதற்குள் பெர்மிட் புதுப்பித்து லீவு கேட்கிறேன். இந்த மாதம் அனுப்பியது குறைவு, அடுத்த மாதம் சேர்த்து வரும். நகையை ஐப்பசிக்குள் திருப்பிவிடலாம். கண்மாய்க்கரை வயலை யாரிடமும் ஒத்திக்கு விடாதீர்கள், சித்தப்பா கேட்டாலும். தரகரிடம் 'பினாங்கில் ஓட்டலில் இருக்கிறான்' என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்
முருகேசன்